கதையைக் கிளப்பிவிடும் நிகழ்வை அமைப்பது எப்படி?

புதிதாக எழுத வருபவர்களின் கதைகளில் அடிக்கடி கண்ணில் படும் குறை ஒன்று உண்டு. நடை நன்றாக இருக்கும், பாத்திரம் உயிரோடு இருக்கும், வர்ணனையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நாலு பக்கம் படித்த பிறகு “சரி, இப்போ என்ன?” என்று வாசகருக்குத் தோன்றிவிடும். கதை இன்னும் கிளம்பவில்லை. தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வாழ்க்கையை இனி அப்படி ஓட முடியாமல் செய்கிற ஒரு நிகழ்வு அங்கே இல்லை. அதைத்தான் தூண்டு நிகழ்வு என்கிறோம். திரைக்கதை எழுதுபவர்கள் ‘இன்சைட்டிங் இன்சிடென்ட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களை, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று வரிசைப்படுத்துகிறார். முதலாவதான முகத்துக்கு அவர் தரும் உவமை, உழுது பண்படுத்திய மண்ணில் இட்ட விதை முளைத்து வருவது. ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக், நாடக அமைப்பைப் பற்றி 1863இல் வெளியிட்ட நூலில், அறிமுகம் முடிந்து மோதல் கிளம்பும் தருணத்துக்குத் தனிப் பெயரே கொடுத்தார். எழுதுகிறவருக்கு அடியார்க்குநல்லாரின் உவமைதான் அதிகம் உதவும், ஏனென்றால் அதில் விதையோடு மண்ணும் இருக்கிறது. ஒரே நிகழ்வு ஒருவரிடம் முளைக்கும், இன்னொருவரிடம் காய்ந்துபோகும். எனவே நிகழ்வைத் தேடிப் போவதற்கு முன் பாத்திரத்தைத் தயார் செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால், மூன்று விஷயங்களைத் தூண்டு நிகழ்வோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

முதல் வரியின் கவர்ச்சி வேறு, தூண்டு நிகழ்வு வேறு. முதல் பத்தியிலேயே ஒரு கார் பள்ளத்தில் உருண்டால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அந்த விபத்தால் யாருக்கு என்ன செய்தாக வேண்டிய நெருக்கடி வந்தது என்பது தொடராவிட்டால் அது வெறும் சத்தம். முன்கதையும் வேறு. பத்து வயதில் தாயை இழந்தது நாயகனை உருவாக்கியிருக்கலாம். முப்பது வயதில், இன்று காலை, அவன் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. மூன்றாவது, நாயகன் எடுக்கும் முடிவு. நிகழ்வு வந்து மோதுகிறது, முடிவு அவனுக்குள்ளிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தயக்கம் உண்டு. அதற்கு இடமே விடாமல் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதால்தான் பல தொடக்கங்கள் மூச்சிரைக்க ஓடுகின்றன.

படி 1: பாத்திரத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்

கதையில் வரப்போகிற வரிகளாக இவற்றை எழுத வேண்டாம். உங்கள் குறிப்பேட்டுக்கு மட்டும். நாயகர் அன்றாடம் என்ன செய்கிறார், எதை விரும்புகிறார், எதை மறைக்கிறார் அல்லது எதற்குப் பயப்படுகிறார், எந்த ஏற்பாட்டை வைத்துச் சமாளித்து வருகிறார், அந்த ஏற்பாடு எங்கே பலவீனமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கொண்டுபோவோம். மாணிக்கம், 58 வயதுத் தையல்காரர்.

அன்றாடம்: ஒற்றை அறைக் கடையில் சட்டை, கோட்டு தைக்கிறார். கைவேலையின் நேர்த்திக்குப் பெயர் வாங்கியவர்.
ஆசை: ஒன்பது வருடமாகப் பேசாமல் இருக்கும் மகள் தேன்மொழி தன்னிடம் திரும்பி வர வேண்டும்.
மறைப்பது: கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.
சமாளிப்பு: உதவிக்கு இருக்கும் செல்வி காலையிலேயே இருபது ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிடுவாள். அளவு எடுக்கும்போது டேப்பைப் படித்துச் சொல்வதும் அவள்தான். தொழில் கற்றுத் தருவதற்காக அப்படிச் செய்யச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.
பலவீனம்: செல்வி மத்தியானத்தோடு போய்விடுவாள்.

நாலாவது வரியில்தான் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். ஆசையும் பயமும் எல்லாப் பாத்திரங்களுக்கும் இருக்கும். அவை இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்கிற ஏதோ ஓர் ஏற்பாட்டால்தான் மனிதர்கள் வருடக்கணக்கில் எதையும் மாற்றாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். நல்ல தூண்டு நிகழ்வு அந்த ஏற்பாட்டைச் செல்லாக்காசாக்கி, ஆசையையும் பயத்தையும் நேருக்கு நேர் நிறுத்தும். நாலாவது வரி உங்களுக்கு எழுத வரவில்லை என்றால் பாத்திரத்தைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிகழ்வுக்குப் போகாதீர்கள்.

படி 2: பத்து நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள்

ஒன்றோடு நிறுத்தாதீர்கள். முதலில் தோன்றும் இரண்டு மூன்று, ஏற்கெனவே படித்த கதைகளிலிருந்தும் பார்த்த படங்களிலிருந்தும் வந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும். விபத்து, மரணம், நள்ளிரவு போன், கடிதம். ஐந்தாறைத் தாண்டும்போதுதான் மனம் அந்தப் பாத்திரத்தின் சொந்த வாழ்க்கைக்குள் தேட ஆரம்பிக்கும்.

யோசனை நின்றுவிட்டால் இந்த வாசல்களைத் தட்டிப் பாருங்கள்: யாரோ வருகிறார்கள். ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது. மறைந்திருந்த ஒன்று தெரியவருகிறது. மறுக்க முடியாத ஒரு கோரிக்கையோ உத்தரவோ வருகிறது. நாயகர் என்றோ செய்த காரியம் இன்று திரும்பி வந்து நிற்கிறது. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு எழுதினால் பத்து ஆகிவிடும். கடைசி வாசலை விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து வரும் நிகழ்வுகளில் நாயகருக்கும் பங்கு இருப்பதால் அவை ஆழமாகப் போகும்.

மாணிக்கத்துக்கு எழுதிய பத்தில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்:

அ. கடை தீப்பிடித்து எரிகிறது.
ஆ. வேறு வேலை கிடைத்துச் செல்வி நின்றுவிடுகிறாள்.
இ. தேன்மொழி வந்து தன் கல்யாண உடையைத் தைத்துத் தரச் சொல்கிறாள்.

படி 3: சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனை, திரும்பிப் போகும் சோதனை. நிகழ்வு நடந்த மறுநாள் நாயகர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்? பழைய வாழ்க்கை அப்படியே தொடரும் என்றால் அது தூண்டு நிகழ்வாகாது. தீயும் தேறுகிறது, தேன்மொழியும் தேறுகிறாள். செல்வி போவது பாதிதான் தேறும், ஏனென்றால் மாணிக்கம் வேறு ஒரு பெண்ணையோ பையனையோ வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஆள் மாற்றும் சோதனை. அதே நிகழ்வு பக்கத்துக் கடைக்காரருக்கு நடந்தால்? கடை எரிந்தால் யாராக இருந்தாலும் இடிந்துபோவார்கள், கடன் வாங்குவார்கள், மறுபடி தொடங்குவார்கள். கண் பார்வையும் மகளும் அந்தக் கதைக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. ஐந்து வரிகளில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் வீணாகிவிடும். மகள் உடை தைக்கச் சொல்வதோ, பார்வை நன்றாக உள்ள தகப்பனுக்கு வெறும் சந்தோஷச் செய்தி. மாணிக்கத்துக்கு மட்டும்தான் அது ஒரே நேரத்தில் வரமாகவும் பொறியாகவும் இருக்கிறது. நிகழ்வின் அளவு பெரிதாக இருப்பதைவிட, அது அந்த ஒருவரின் அளவுக்குத் தைக்கப்பட்டதாக இருப்பதே முக்கியம்.

மூன்றாவது, தேர்வு. நாயகருக்கு இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும், இரண்டிலும் எதையோ இழக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் வேலை கெட்டு உண்மை வெளிப்படலாம். மறுத்தால் மகள் இன்னொரு முறை வரமாட்டாள். கண் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் ஒன்பது வருடம் கழித்து வந்தவளிடம் முதல் பேச்சே அனுதாபம் கேட்பதாக ஆகிவிடும், அவருடைய பெருமைக்கு அது ஒத்துவராது. ஒரு வழி தெளிவாக நல்லதாகவும் மற்றது தெளிவாகக் கெட்டதாகவும் இருந்தால் அங்கே தேர்வு இல்லை.

நாலாவது சோதனையைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிகழ்வு எழுப்பும் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: “மாணிக்கம் அந்த உடையைத் தைத்து முடிப்பாரா?” அதன் அடியில் இருக்கும் கேள்வியையும் எழுதுங்கள்: “மகளிடம் தன் குறையைக் காட்டத் துணிவாரா?” கதையின் உச்சக் காட்சி இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். மேல் கேள்வி கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். “அவர் மன அமைதி அடைவாரா?” போன்ற கேள்வியை வைத்துக்கொண்டு காட்சி எழுத முடியாது, உடை தைப்பதை வைத்து எழுத முடியும்.

மூன்றில் ‘இ’ தேறிவிட்டது. ‘ஆ’வைத் தூக்கி எறிய வேண்டாம். தூண்டு நிகழ்வாகத் தேறாதவை, அதற்குப் பின் வரும் அடுத்த அடியாக நன்றாக வேலை செய்யும். தேன்மொழி வந்துபோன இரண்டாம் நாள் செல்வி வேலையை விட்டு நின்றால், மாணிக்கத்துக்கு இருந்த கடைசி மறைவிடமும் போய்விடுகிறது.

படி 4: ஏன் இன்று?

ஒன்பது வருடம் வராதவள் இன்று ஏன் வந்தாள்? கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்பது ஒரு பதில். அந்தப் பதில் கதைக்கு ஒரு கெடுவையும் சேர்த்தே தருகிறது, அதனால் பிரயோஜனமானது. தூண்டு நிகழ்வோடு ஒரு தேதியோ நேர வரம்போ ஒட்டிக்கொண்டு வந்தால் கதையின் நடுப்பகுதி தொய்யாது.

தற்செயலைப் பயன்படுத்தலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தலாம். நாயகரைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை வாசகர் ஏற்றுக்கொள்வார், சிக்கலிலிருந்து விடுவிக்கும் தற்செயலை ஏற்கமாட்டார். வேறொன்றிலிருந்து கட்டாயமாக விளைந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அதிலிருந்து வேறொன்று இயல்பாக விளையும் என்பதுதான் தொடக்கத்துக்கு அரிஸ்டாட்டில் சொன்ன இலக்கணம். தொடக்கத்தில் அந்தச் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. இரண்டாவது தற்செயலை எழுதப்போகும்போது மட்டும் பேனாவை நிறுத்தி, அதற்குக் கதைக்குள்ளிருந்தே ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பாருங்கள்.

படி 5: எந்த இடத்தில் வைப்பது?

கறாரான விதி கிடையாது. நடைமுறையில் உதவும் அளவுகள் உண்டு. 1,000 முதல் 1,500 சொல் வரையிலான சிறுகதையில் முதல் 150 சொல்லுக்குள் நிகழ்வு வந்துவிடுவது நல்லது. சில நேரம் கதை தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பே அது நடந்து முடிந்திருக்கலாம். 3,000 சொல் கதையில் 300 முதல் 500 சொல் வரை காத்திருக்கலாம். 80,000 சொல் நாவலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8,000 சொல் அளவில் வைப்பது வழக்கம், 12,000 தாண்டினால் வாசகர் பொறுமை இழப்பார். 120 பக்கத் திரைக்கதையில், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில், 10 முதல் 15 பக்கத்துக்குள்.

இடத்தைத் தீர்மானிக்க இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்த நிகழ்வு வாசகருக்கு வலிக்க வேண்டுமானால் அதற்கு முன் அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அதை மட்டும் எண்ணிப் பாருங்கள். மாணிக்கம் கதையில் இரண்டே விஷயங்கள்: அவருக்குச் சரியாகக் கண் தெரியவில்லை, மகள் பேசுவதில்லை. இதில் முதலாவதை முன்கூட்டியே ஒரு செயலாகக் காட்டிவிட்டால் போதும். இரண்டாவதை நிகழ்வே சொல்லிவிடும். அவருடைய மனைவி, கடை எப்படி வந்தது, எந்த வயதில் தொழில் கற்றார் என்பதெல்லாம் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

நிகழ்வு தாமதமாக வந்தே தீர வேண்டிய நாவல்களும் உண்டு. ஒரு பெரிய குடும்பத்தையோ பழக்கமில்லாத ஓர் உலகத்தையோ முதலில் காட்ட வேண்டியிருக்கும். அப்போது நடுவே சின்னச் சின்ன நெருக்கடிகளைப் போட்டு வையுங்கள். கெடுவுக்குள் முடிக்க வேண்டிய ஒரு சட்டை, காஜா எடுத்ததில் ஒரு பிசகு, வாடிக்கையாளரின் சந்தேகப் பார்வை. ஒவ்வொன்றும் வரப்போகும் பெரிய நெருக்கடியின் ஜாதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். மாணிக்கத்தின் கண்ணைப் பற்றிய கதையில் வாடகைத் தகராறு வந்தால் அது வழியை மறைக்கும்.

படி 6: காட்சியாக எழுதுங்கள்

தூண்டு நிகழ்வைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கதையில் வேறு எதைச் சுருக்கினாலும் இதை முழுக் காட்சியாகவே எழுத வேண்டும். முதல் வரைவுகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“திடீரென்று போன் ஒலித்தது. எடுத்தால் மகள் தேன்மொழி! ஒன்பது வருடங்களுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டதும் மாணிக்கத்துக்கு உலகமே சுழன்றது. தன் திருமண உடையைத் தைத்துத் தரும்படி அவள் கேட்டாள். மங்கிவரும் கண்களோடு எப்படித் தைப்பது என்று திகைத்தார். இனி தன் வாழ்க்கை பழையபடி இருக்காது என்பது அவருக்குப் புரிந்தது.”

தகவல் எல்லாம் சரியாக வந்திருக்கிறது, காட்சி வரவில்லை. ‘திடீரென்று’, ‘உலகமே சுழன்றது’ என்பவை எழுத்தாளரின் கைதட்டல்கள். கடைசி வரி, வாசகர் தானாக உணர வேண்டியதை அவருக்காக உணர்ந்து காட்டுகிறது. போனில் நடப்பதால் மாணிக்கத்துக்கு வசதியாகவும் போய்விடுகிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடலாம். அதே நிகழ்வை நேரில் நடத்திப் பார்ப்போம்:

வெளிச்சம் போவதற்குள் காலரை முடித்துவிட வேண்டும் என்று மாணிக்கம் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். மேசையில் யாரோ ஒரு துணிப்பையை வைத்தார்கள்.

“நாளைக்குக் காலையில வாங்க. சாயங்காலம் அளவு எடுக்கறதில்லை.”

“அளவு எடுக்க வேணாம். உங்களுக்குத் தெரியும்.”

மெஷின் நின்றது. அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் வாசலில் நிற்பவள் கறுப்பாகத்தான் தெரிவாள். குரல் போதும்.

“அது ஒம்பது வருஷத்துக்கு முந்தின அளவும்மா.”

“அப்போ புதுசா எடுங்க.” பையிலிருந்து அடர்நீலத் துணி வெளியே வந்தது. “அடுத்த மாசம் நாலாம் தேதி கல்யாணம். வேற யார்கிட்டயும் குடுக்கறதா இல்லை.”

அவர் டேப்பைக் கையில் எடுத்தார். எண் இருக்கும் முனை எது என்று விரலால் தடவிப் பார்த்தார்.

இந்தக் காட்சியைப் பிரித்துப் பார்த்தால் கட்டுமானம் தெரியும். நிகழ்வு வரும்போது நாயகர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு வேலையின் நடுவில் இருக்கிறார், அந்த வேலையே அவருடைய மறைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. சாயங்காலம் அளவு எடுப்பதில்லை என்ற விதி அவருடைய சமாளிப்பு, அதை மகள் இரண்டே பேச்சில் உடைத்துவிடுகிறாள். ‘அப்பா’ என்று அவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவரோ முதல் பதிலிலேயே ‘ம்மா’ போட்டுவிடுகிறார். யாருக்கு யார் அதிகம் தேவை என்பது அந்த இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. அடர்நீலத்தை வேண்டுமென்றே தேர்ந்தோம், இருண்ட துணியில் இருண்ட நூல் தையல் மங்கிய கண்ணுக்கு மிகவும் கடினம். தேதி பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. கடைசியில் விளக்கம் கிடையாது, ஒரு விரலசைவோடு காட்சி நிற்கிறது.

உங்கள் காட்சிக்கும் இந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம்: நடந்துகொண்டிருக்கும் வேலை, குறுக்கீடு, உடல் காட்டும் முதல் அசைவு, பழைய வழக்கத்தால் தட்டிக்கழிக்கும் முயற்சி, அந்த முயற்சி தோற்பது. சிறுகதைக்கு 100 முதல் 250 சொல் போதும். நாவலில் மூன்று நாலு பக்கம் வரை போகலாம். உணர்ச்சிப் பெயர்களை, அதாவது அதிர்ச்சி, திகைப்பு, ஆனந்தம் போன்ற சொற்களை, முதல் வரைவில் இஷ்டம்போல் எழுதிவிட்டு இரண்டாம் வரைவில் அடித்துவிடுங்கள். அடித்த பிறகும் காட்சி நின்றால் சரி. நிற்கவில்லை என்றால் செயல் போதவில்லை.

படி 7: தயக்கம், பிறகு கதவடைப்பு

நிகழ்வு நடந்த உடனே நாயகர் புறப்பட்டுவிட்டால் அவர் முன்பு வாழ்ந்த வாழ்க்கைக்கு மதிப்பே இல்லாமல் போகும். அவர் அதை விட்டுவிடத் தயங்க வேண்டும். மாணிக்கம் வேறொரு மாஸ்டரிடம் ரகசியமாக வேலையை ஒப்படைக்கப் பார்க்கலாம், துணி சரியில்லை என்று சாக்குச் சொல்ல ஒத்திகை பார்க்கலாம். இந்தத் தயக்கம் சிறுகதையில் ஒரு பத்தி, நாவலில் ஓர் அத்தியாயம். அதில் அவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். வெறுமனே யோசித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்ப்பது தயக்கம் ஆகாது.

பிறகு ஏதோ ஒன்று கதவை அடைக்கிறது. இங்கே செல்வி நிற்பது. அதன்பின் மாணிக்கம் தானாக ஒரு காரியம் செய்ய வேண்டும், உதாரணமாக, துணியில் கத்திரியை வைக்க வேண்டும். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இதுவரை நடந்தது அவருக்கு நடந்தது, இனி நடப்பது அவர் செய்வது. இந்த இடம் வராமல் போனால் நாயகர் கதை முழுக்க அடி வாங்கிக்கொண்டே இருப்பார், வாசகர் பரிதாபப்படுவார், பின்தொடரமாட்டார்.

எங்கே தவறுகிறது?

மிகுதியாக நடக்கும் தவறு, நிகழ்வு வேறு யாருக்கோ நடப்பது. நண்பனின் தங்கை காணாமல் போகிறாள், நாயகன் உதவப் போகிறான். அவன் நடுவழியில் விலகிவிட்டால் அவனுக்கு என்ன நஷ்டம்? பதில் இல்லை என்றால் இரண்டில் ஒன்று செய்யுங்கள்: தங்கையின் அண்ணனையே நாயகன் ஆக்குங்கள், அல்லது அவள் காணாமல் போனதில் நாயகனுக்கு ஒரு பங்கு கொடுங்கள். கடைசியாக அவளை வண்டியில் இறக்கிவிட்டது அவனாக இருக்கட்டும், அதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கட்டும்.

அடுத்தது, நிகழ்வுகள் குவிவது. முதல் அத்தியாயத்திலேயே வேலை போகிறது, அப்பாவுக்கு நோய் வருகிறது, பழைய காதலி வருகிறாள். ஒவ்வொன்றும் ஒரு கதையைத் தொடங்கும், எதுவும் இந்தக் கதையைத் தொடங்காது. எதை எடுத்துவிட்டால் முடிவுக் காட்சி நடக்கவே முடியாதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பின்னால் தள்ளுங்கள் அல்லது நீக்குங்கள்.

சிலர் பயத்தில் நிகழ்வைத் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். முதல் பக்கத்திலேயே நகரம் அழிந்தால் அதற்குமேல் ஏறப் படி இல்லை. வேறு சிலர் கனவு வைத்து ஏமாற்றுகிறார்கள்: பெரிய ஆபத்து, பிறகு நாயகன் வியர்த்து விழிக்கிறான். வாசகர் கொடுத்த கவனத்தை ஒருமுறை இப்படித் திருப்பிக் கொடுக்காமல் விட்டால், உண்மையான நிகழ்வு வரும்போது அவர் நம்பத் தயங்குவார்.

வகைக்கு ஏற்பவும் தவறுகள் மாறும். துப்பறியும் கதையில் சடலம் கிடைப்பது மட்டும் போதாது, இந்த வழக்கை இந்த ஆள் ஏன் விடமுடியாது என்பதும் வேண்டும். காதல் கதையில் இருவர் சந்திப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சந்தித்தவர்கள் விலகிப் போக முடியாதபடி ஒரு கட்டு தேவை: ஒரே வேலை, ஒரே வீடு, ஒரே ரகசியம். திகில் கதையில் முதல் விசித்திரம் காற்று, பூனை என்று விளக்கிவிடக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்தால் பயம் வளர இடம் இருக்கும். வெளியே ஒன்றுமே நடக்காத, மனதுக்குள் நகரும் கதைகளுக்கும் தூண்டு நிகழ்வு உண்டு. அது ஒரு சொல்லாகவோ, தவறி விழுந்த ஒரு பார்வையாகவோ இருக்கலாம். அங்கே சோதனை இன்னும் கடுமையாகிறது, அந்தச் சின்ன விஷயம் ஏன் இவரை மட்டும் இவ்வளவு ஆட்டியது என்று வாசகர் உணரும்படி முன்தயாரிப்பு இருக்க வேண்டும்.

முடித்த பிறகு திரும்பி வருவது

முதல் வரைவு எழுதும்போது தூண்டு நிகழ்வு சரியாக அமையாவிட்டால் அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தற்காலிகமாக ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை எழுதிவிடுங்கள். முடித்ததும் ஒரு தாளில் இரண்டு வரிகள் எழுதுங்கள்: மேலே, நிகழ்வு எழுப்பிய கேள்வி. கீழே, உச்சக் காட்சி சொன்ன பதில். “உடையைத் தைப்பாரா?” என்று மேலேயும், “கடையைச் செல்வியிடம் ஒப்படைத்தார்” என்று கீழேயும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு கதைகள்.

பொருந்தாதபோது முடிவை மாற்றத்தான் கை போகும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது தொடக்கம். முடிவை எழுதும்போது பாத்திரத்தோடு நெடுந்தூரம் வந்திருப்பீர்கள், அவரை உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். தொடக்கத்தை எழுதியபோது ஐந்து வரி அளவுக்குத்தான் தெரியும். செல்வியிடம் கடை போய்ச் சேர்வதுதான் மனதுக்குச் சரியாகப் படுகிறது என்றால், மகளின் வருகையை எடுத்துவிட்டு, ஒருநாள் காலை நூல் கோக்கும்போது செல்வி ஊசியைக் கீழே வைத்துவிட்டு “மாஸ்டர், உங்களுக்குக் கண்ணு எத்தனை நாளா தெரியலை?” என்று கேட்பதாகத் தொடங்கிப் பாருங்கள். படி 3இன் நாலு சோதனைகளையும் இந்தப் புதிய நிகழ்வுக்கு மறுபடி போடுங்கள். தேறினால், பழைய தொடக்கத்தின் பொருட்டு மட்டும் எழுதிய பத்திகள் எவை என்று குறித்து, அவற்றை எடுத்துவிட்டு இரண்டாம் வரைவை ஆரம்பியுங்கள்.